வெளியூர் போனாலும் நம் பிள்ளைதான்

அயல்நாட்டுக் கிளப்பில் ஆடுபவரைத் தேசியக் குழுவுக்கு அழைக்க வேண்டும் என்பதே எங்கள் அணியின் வாதம்.

ரக்பியில் நியூசிலாந்து உள்நாட்டில் ஆடுபவர்களை மட்டும் எடுத்து 2011, 2015 உலகக் கிண்ணங்களை வென்றது, மறுக்கவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்கா? வெளிநாட்டில் ஆடுபவர் நாட்டுக்காக 30 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் நீக்கியது. அந்த ஆண்டும் 2023-லும் கிண்ணம் அவர்களுக்கே!

நம் காற்பந்திலும் சான்று உண்டு. 2010-இல் சுசுகி கிண்ணம் வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால், மறு ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்தா ஜெயாவில் ஆடிய சாஃபி சாலியை ஒதுக்கவில்லை. அந்த ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் தோற்று வெளியேறினோம். ஆயினும் இரு ஆட்டங்களிலும் சாஃபி கோல் போட்டார்.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பிழைப்புத் தேடி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனவர்கள் எத்தனை பேர்! தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அவர்களை அழைக்காமலா விட்டோம்?

உள்ளூர்த் திடல் காலியாகிவிடும் என்கிறார்கள் எதிரணியினர். நியாயமான அச்சம்தான். திடலைக் காக்க வேண்டியவை சங்கங்கள். அதற்காக, திறமையால் வெளியே போன பிள்ளையைத் தண்டிக்கலாமா? தீர்ப்பு உங்களுடையது.