ஒட்டும் இழையும்: வட யப்பானிய உழவர் உடை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உடையின் வரலாறு பெரும்பாலும் அரசவைப் பட்டாடைகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. எஞ்சியிருப்பவை அவையே என்பதே அதற்குக் காரணமாகும். உழவனின் உடை அவன் உடலோடு தேய்ந்து, பின் தரை துடைக்கும் துணியாகி, இறுதியில் அடுப்பிலோ வயலிலோ முடிந்து விடுகின்றது. யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்சூவின் வடமுனையில் அமைந்த ஆவோமோரிப் பிரதேசம் இப்பொதுநிலைக்கு ஓரளவு விலக்காகும். அங்கு உழவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்டும் இழையோட்டியும் காத்த உடைகள் இன்றுவரை கிடைக்கின்றன. ‘போரோ’ என யப்பானியர் வழங்கும் இக்கந்தைகள் அப்பிரதேசத்தின் பொருளாதாரத்தையும் நிலமானிய அதிகாரத்தையும் ஒருங்கே காட்டும் சான்றுகளாம்.

முதலிற் கருதவேண்டியது காலநிலையாகும். ஆண்டின் பல மாதங்கள் பனியால் மூடப்படும் அந்நிலத்திற் பருத்தி விளைவதில்லை. எனவே மக்கள் சணல்வகைச் செடியொன்றின் நாரை உரித்து, நூற்று, நெய்து உடுத்தனர். நார்த்துணி கோடைக்கு ஏற்றது. இழைகளுக்கு இடையே காற்றுப் புகும். பனிக்காலத்தில் அதுவே அதன் பெருங்குறையாயிற்று. பருத்தியோ ஒசாக்காவைச் சூழ்ந்த தென்பகுதிகளிற் செழித்தது. தொகுகாவா ஆட்சிக் காலத்தில் (1603-1868) ‘கித்தமாயே-பூனே’ எனப்பட்ட வணிகக் கப்பல்கள் யப்பான் கடல் வழியே தெற்கையும் வடக்கையும் இணைத்தன. அவை தென்னகரங்களிற் பலர் உடுத்துக் கழித்த பழம் பருத்தியாடைகளை வடக்கே கொண்டுசென்றன. வடகடலிற் பிடிபட்ட ஹெரிங் மீனை எண்ணெய் பிழிந்து உலர்த்திய சக்கையை எருவாகத் தெற்கே கொணர்ந்தன. அவ்வெருவில் ஒரு பகுதி பருத்தி வயல்களுக்கே இடப்பட்டது. வடக்கின் மீன் தெற்கின் பருத்திக்கு எருவாயிற்று. அப்பருத்தியின் கந்தையே வடக்கிற்கு ஆடையாயிற்று. இரு பிரதேசங்களிடையே நிலவிய ஏற்றத்தாழ்வை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

காலநிலையோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. ஆவோமோரியின் மேற்குப் பகுதியை ஹிரோசாக்கியிலிருந்து ஆண்ட சுகாரு பிரபுக்கள் 1724இல் உழவர்க்கான சிக்கனக் கட்டளையொன்றை விதித்தனர். உழவர் பருத்தியாடை அணிவதை அது தடுத்தது. நார்த்துணியே அவர்க்கு உரியதாயிற்று. இத்தகைய கட்டளைகள் சிக்கனத்தின் பெயரால் விதிக்கப்பட்டனவேனும், யார் எவர் என்பதைப் பார்த்த அளவில் அறியச் செய்வதும் அவற்றின் நோக்கமாயிருந்தது எனல் பொருந்தும். உடை கிழிந்தால் நல்லது வேறொன்று வாங்கலாம் என்ற வழி இவ்வாறு இயற்கையாலும் ஆட்சியாலும் அடைக்கப்பட்டது. கையிலிருந்ததைச் செப்பனிடுவதே எஞ்சிய வழி.

இச்செப்பனிடலின் உச்சமே சுகாருப் பகுதியின் ‘கொகின்’ தையலாகும். நீலச்சாயம் தோய்த்த நார்த்துணியின் இழைகளை ஊசியால் எண்ணி, ஊடை செல்லும் திசையிலேயே தையலை ஓட்டுவர். பாவிழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் எண்ணுதல் மரபு. தொடக்கத்தில் நார் நூலே பயன்பட்டது. பின்னர் பருத்தி நூல் கைக்கெட்டியபோது வெண்ணிறப் பருத்தி நூல் அதன் இடத்தைப் பெற்றது. துணியின் கண்கள் இந்நூலால் அடைபட்டமையால் குளிர்காற்றுத் தடுக்கப்பட்டது. சுமை தூக்கும் தோளும் முதுகும் தேயாதவாறு வலுப்பெற்றன. தையல் நிறைந்திருப்பது உடையின் மேற்பாதியிலே என்பது இங்கு நோக்கற்பாலது. பயன் கருதித் தோன்றிய இத்தையல் விரைவில் வடிவங்களாக விரிந்தது. பூனைக்கண், அவரை விதை, வாதுமைக் கோது, மீன்செதில் என அன்றாட வாழ்விலிருந்தே அவ்வடிவங்களுக்குப் பெயர்கள் அமைந்தன. 1788ஆம் ஆண்டளவில் சுகாரு ஆட்சியின் சாமுராய் ஒருவர் மக்கள் வாழ்வைப் படங்களுடன் தொகுத்த நூலில் இவ்வுடையையும் வரைந்து, அதன் வேலைப்பாட்டைப் புகழ்ந்துள்ளார். அது வடயப்பானைத் தென்மெய்ப் பெரும்பஞ்சம் வாட்டிய காலம் என்பதை மறத்தலாகாது.

சட்டம் துணியைப் பற்றிப் பேசியது. துணியின் மேல் ஓடும் இழையோ அதன் பிடிக்குள் முற்றாக அகப்படவில்லை. அந்தச் சிறு இடைவெளியிலேயே சுகாருப் பெண்கள் தம் திறன் அனைத்தையும் இட்டு நிரப்பினர். பெண்பிள்ளைகள் இளமையிலேயே இத்தையலைப் பயின்று, திருமணத்துக்கென உடைகளைத் தைத்து வைத்தனர். அவ்வாறு அருமையாகத் தைத்த உடை பழையதானபோது அதனைக் கைவிடும் எண்ணம் எழவில்லை. முதலில் அது விழாக்கால உடை. தையல் தேய்ந்ததும் இடைவெளிகளில் மீண்டும் வெண்ணூல் ஓட்டினர். இவ்விரட்டைத் தையலால் பழைய வடிவம் மங்கினும் துணி தடித்து வெம்மை கூடிற்று. வெண்மை அழுக்கேறி நீங்காதபோது உடை முழுவதையும் நீலச்சாயத்தில் தோய்த்தனர். அதன்பின் அது வேலைக்கும் முதியோர்க்கும் உரிய உடை. அருகிற் சென்று நோக்கினாலன்றி அந்நீலத்துள் மறைந்த தையல் புலப்படாது. மணப்பெண்ணின் உடை, அதன் இழையொன்றும் வீணாகாமல், கிழவியின் உடையாயிற்று.

வளம் குன்றிய ஊர்களில் இதற்குங்கூட நேரமும் நூலும் போதவில்லை. மேற்புறத்தில் மூன்று பட்டைகள் அமைந்த ‘மிசிமா’ என்னும் கொகின் வகை, விளைச்சல் அடிக்கடி பொய்த்த ஒரு பகுதிக்குரியது. அவ்வகையில் இன்று எஞ்சியவை மிகச் சிலவே.

ஆவோமோரியின் கிழக்கே நான்பு ஆட்சிப்பகுதியில் ஒட்டுப்போடும் வழக்கமே மேலோங்கியது. கப்பலில் வந்த பருத்திக் கந்தையின் உள்ளங்கையளவு துண்டும் வீசப்படவில்லை. ஒட்டுக்கும் உதவாதவற்றை நாடாக்களாகக் கிழித்து, நார்ப்பாவில் ஊடையாக்கி நெய்தனர். ‘சகியோரி’ என்பது அத்துணியின் பெயர். உறங்கும்போது போர்த்த ‘தொன்ஜா’ என்னும் பேருடையின் ஒட்டுகளுக்கிடையே நார்க்கழிவைத் திணித்தனர். அதனுட் குடும்பத்தார் ஒருவர் வெம்மையில் மற்றவர் உறங்கினர். ‘போதோகோ’ என்னும் விரிப்போ இன்னும் பொருள் பொதிந்தது. முன்னோர் உடுத்த துணிகளை ஒட்டித் தைத்த அவ்விரிப்பின் மேலேயே குழந்தை பிறந்தது. பிறந்த கணத்தில் அதன் உடலைத் தொட்டது பாட்டன் பாட்டியர் அணிந்த துணி.

1891இல் தோக்கியோவிலிருந்து ஆவோமோரிக்குப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. பழைய ஆட்சியின் தடைகள் அதற்கு முன்னரே மெய்ஜி மாற்றத்தோடு நீங்கியிருந்தன. மலிவான பருத்தித்துணி கிராமங்களை எட்டியதும் கொகின் தையல் விரைந்து அருகிற்று. ஒட்டுடைகளை உழவர் விரும்பியே பேணினர் எனக் கருதுவோர் இவ்விரைவை விளக்கவேண்டும். வாங்கும் வழி திறந்ததும் பெண்கள் ஊசியைக் கீழே வைத்தனர். பனிக்கால இரவுகளில், மங்கிய வெளிச்சத்தில் இழை எண்ணித் தைத்தவர்க்கு அது ஒரு விடுதலையாகவே இருந்திருக்கும். வறிய வீடுகளில் ஒட்டுடைகள் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தன. ஆயின் அவை விருந்தினர் கண்ணிற் படாதவாறு மறைத்து வைக்கப்பட்டன.

இவற்றின் மதிப்பை வெளியுலகிற்கு எடுத்துரைத்தவர்கள் அவற்றை உடுத்தியிராதவர்களே. நாட்டார் கைவினை இயக்கத்தின் முன்னோடியான யானகி சோயெத்சு 1932இல் தமது சஞ்சிகையில் கொகின் பற்றி எழுதி அதன் அழகை உயர்த்திப் பேசினார். அவ்வெழுத்து கொகின் கலை மீளத் தழைக்க உதவியது. ஆயின் அழகைக் கண்ட கண்ணுக்கு 1724ஆம் ஆண்டுக் கட்டளை அத்துணை தெளிவாகப் புலப்பட்டதெனக் கூறுவதற்கில்லை. ஆவோமோரியிற் பிறந்த தனக்கா சூசபுரோவின் (1933-2013) பணி வேறுவகையானது. அவர் ஊரூராக நடந்து, முதியவர்களோடு பேசி, உடைகளோடு அவற்றை உடுத்தோர் வாழ்வையும் திரட்டினார். வெட்கத்தால் மறைக்கப்பட்டவற்றை வெளியே கொணரப் பொறுமை வேண்டியிருந்தது. அவர் திரட்டிய சுகாரு, நான்புத் தையலுடைகள் 786, 1983இல் யப்பானிய அரசினால் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. உழவர் இன்னது உடுத்தலாகாது என ஓர் ஆட்சி விதித்த பிரதேசத்தின் கந்தைகளைப் பேணும் பொறுப்பை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளின் பின் இன்னோர் ஆட்சி ஏற்றது.

பின்னாளில் உலகச் சந்தையில் போரோ விலையுயர்ந்த பொருளாயிற்று. நவநாகரிக உடை வடிவமைப்பாளர் புதுத்துணியிற் செயற்கையாக ஒட்டுப்போட்டு விற்கலாயினர். தனக்காவின் சேகரிப்பு 2009 முதல் 2019 வரை தோக்கியோவின் அசகுசாப் பகுதியில் ஓர் அரும்பொருட் காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. அங்கு வந்தோர் போரோ உடைகளைக் கையால் தொட்டுப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். ஒட்டின்மேல் ஒட்டாகத் தடித்த அத்துணியின் கனத்தையும், தையல் ஓடிய இடத்தின் மேடுபள்ளத்தையும் அவர்கள் விரல்களால் அறிந்தனர்.