கடல் கடந்து கற்றவர்களும் திரும்பி வந்தவர்களும்

ஆய்வாளர் எவரும் தாமாக உருவாகிவிடுவதில்லை. புலமை ஒருவருக்கு இயல்பாக அமையலாம். ஆய்வு முறையோ கற்றுக்கொள்ளப்பட வேண்டியது. அதற்கு வழிகாட்டும் பேராசிரியர் வேண்டும், நூலகம் வேண்டும், சில ஆண்டுகள் கற்பித்தற் பணியிலிருந்து விடுப்பு வேண்டும். ஈழத்துத் தமிழியலின் வரலாற்றில் இவை கிடைத்த காலமும் உண்டு, பறிபோன காலமும் உண்டு.

1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்த நிறுவனமாகவே இயங்கியது. 1942இல் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோதுதான் இந்நாட்டுக்கெனத் தனியான உயர்கல்விப் பீடம் கிட்டியது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். 1947இல் அவர் மறைந்தபின் அப்பதவியை ஏற்றவர் க. கணபதிப்பிள்ளை. கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். மொழியியல் நோக்கோடு தமிழை அணுகும் பழக்கத்தை மாணவரிடையே விதைத்தவரும் அவரே.

இளம் விரிவுரையாளர்களைக் கல்வி விடுமுறையில் வெளிநாட்டுக்கு அனுப்புவதும், பட்டத்தோடு திரும்பியவர் குறித்த காலம் பணிபுரியவேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்வதும் அக்காலப் பல்கலைக்கழக நடைமுறையாயின. இதன் விளைவை அடுத்த தலைமுறையில் காணலாம். சு. வித்தியானந்தன் பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் லண்டனில் பட்டம் பெற்றார். ஆ. வேலுப்பிள்ளை ஒக்ஸ்போர்ட்டில் திராவிட மொழியியலறிஞர் தொமஸ் பரோவிடம் பயின்றார். கா. இந்திரபாலா 1965இலும் சி. பத்மநாதன் 1969இலும் லண்டனில் வரலாற்றுத்துறைக் கலாநிதிகளாயினர். யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய முறைசார்ந்த வரலாற்றெழுத்து இவ்விருவரின் ஆய்வேடுகளிலிருந்து பெருவலிமை பெற்றது.

இவ்வரிசையில் தனித்து நிற்பது பேர்மிங்ஹாம். தமிழ்த்துறை இல்லாத அப்பல்கலைக்கழகத்துக்கு க. கைலாசபதி ஏன் சென்றார்? அங்கே கிரேக்கப் பேராசிரியராக இருந்தவர் ஜோர்ஜ் தொம்சன். பண்டைய கிரேக்க நாடகத்தையும் சமுதாயத்தையும் மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தவர். ஐரிஷ் மக்களின் வாய்மொழி மரபில் தோய்ந்தவர். அவரிடம் தமிழ் கற்க எவரும் போகவில்லை. வாய்மொழி வீரயுகப் பாடலை எவ்வாறு வாசிப்பது என்பதையே கைலாசபதி கற்றார். ஹோமருக்குப் பயன்பட்ட முறை சங்கப் பாடல்களை நோக்கித் திரும்பியது. 1966இல் நிறைவேறிய அவ்வாய்வு, 1968இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. அதே பேராசிரியரிடம் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்து 1970இல் பட்டம் பெற்றார். 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்த ஒருவரே இவ்வாறு ஆய்வுலகில் தடம் பதித்தார் என்பது பத்திரிகைத் துறையினரான எமக்குப் பெருமை தருவது.

பயிற்சியின் பயன் பட்டத்தோடு முடிந்துவிடவில்லை. லண்டனில் சங்கப் பாடல்களை ஆராய்ந்த வித்தியானந்தன், நாடு திரும்பி 1960களில் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பல்கலைக்கழக அரங்கில் ஏற்றினார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டபோது அதன் முதற் தலைவர் கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் வித்தியானந்தன். இந்திரபாலா அங்கே வரலாற்றுத்துறையைக் கட்டியெழுப்பினார். 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டை அகழ்வாய்வுக்கு அவரே தலைமை தாங்கினார். புறநானூறு பற்றியோ பெருங்கற்காலம் பற்றியோ யாழ்ப்பாணத்திலேயே ஒரு மாணவன் ஆய்வு செய்யலாம் என்ற நிலை, இவர்கள் திரும்பி வந்ததனாலேயே உண்டாயிற்று.

பின்னர் நேர்ந்தவற்றை நாம் அறிவோம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1982இல் கைலாசபதி 49 வயதில் மறைந்தார். 1983இன் இனக்கலவரத்துக்குப் பின் புலமையாளர் பலர் புலம்பெயர்ந்தனர். 1995இல் குடாநாடே இடம்பெயர்ந்தது. போர்க்காலத்தில் வெளிநாடு சென்றவர்களிற் பலர் மீளவில்லை. அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. உயிருக்கு உத்தரவாதமில்லாத ஊரில் ஒப்பந்தப் பத்திரம் எவரைத்தான் கட்டிப்போடும்?

போர் முடிந்தபின் கதவு மீண்டும் திறந்தது. உலக வங்கியின் கடனுதவியுடன் 2010 முதல் 2016 வரையிலும், பின்னர் 2017இல் தொடங்கியும் நடந்த உயர்கல்வித் திட்டங்கள் விரிவுரையாளர்களுக்குப் பட்டமேற்படிப்பு வாய்ப்புகளை வழங்கின. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியில் புலமையாளர்கள் மீண்டும் நாட்டைவிட்டுச் செல்லத் தொடங்கினர். இம்முறை காரணம் குண்டு அன்று, ரூபாயின் வீழ்ச்சி.

முன்னோர் விட்டுச்சென்ற பாடம் தெளிவானது. புலமைப்பரிசில் பாதி வேலையையே செய்யும். திரும்பி வருபவருக்கு நூலகமும், ஆய்வு நேரமும், மதிப்போடு வாழும் சம்பளமும் காத்திருக்கவேண்டும். ஒருவர் பேர்மிங்ஹாமில் கற்றது யாழ்ப்பாணத்து வகுப்பறையை வந்தடைந்தாலன்றி, அப்பயிற்சி ஒரு தனிமனிதரின் முன்னேற்றமாகவே நின்றுவிடும். புலம்பெயர்ந்த தமிழர் கல்விக்கென வழங்கும் பணத்தில் ஒரு பகுதியேனும் இளம் ஆய்வாளரின் பயணத்துக்கும், அவருடைய மீள்வருகைக்கும் ஒதுக்கப்படுமாயின், கைலாசபதியின் தலைமுறை விட்ட இடத்திலிருந்து இன்னொரு தலைமுறை தொடங்கும்.