ஐந்நூறு யென் சாப்பாடு

ஜப்பானில் 500 யென் நாணயம் 1982-ல் வெளிவந்தது. அதற்கு முன்பு அந்த மதிப்புக்குத் தாள்தான். அலுவலகம் போகிற ஜப்பானியர் மதியச் சாப்பாட்டை அளக்கும் படி இந்த நாணயம். ஒரே நாணயத்தில் ஒரு வேளை முடிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இன்றைய மதிப்பில் நம் ஊர்க் காசுக்கு 300 ரூபாயை ஒட்டி வரும். டோக்கியோ உலகத்திலேயே விலை கூடிய ஊர் என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். நானும் நம்பவில்லை.

2015-ல் இங்கே வந்தேன். பொறியியல் மேற்படிப்புக்கு வாங்கிய கடன் பாக்கி இருந்தது. குடியேறிய இடம் டோக்கியோவின் கிழக்கே எதோகாவா வட்டத்தில் உள்ள நிஷிகசாய். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் தங்கித் தங்கி, அங்கே இந்தியக் கடைகளும் உணவகங்களும் பெருகியிருந்தன. முதல் மாதம் முழுக்க நம் சாப்பாட்டையே தேடித் தின்றேன். மாதக் கடைசியில் எக்ஸெலில் கூட்டிப் பார்த்தால் உணவுக்கு மட்டும் 70,000 யென். கடன் தவணையைவிட அதிகம். அதன் பிறகுதான் ஜப்பானியர் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மலிவுக் கடைகளில் முதலில் சொல்ல வேண்டியது க்யூதோன். வெங்காயத்தோடு சோயா சாற்றில் கொதித்த மெல்லிய மாட்டிறைச்சியைச் சோற்றின்மேல் போட்டுத் தருவது. (மாடு தின்னாதவர்கள் இந்தப் பத்தியை வரலாறாக மட்டும் படிக்கலாம்.) இதில் மூத்த கடை யோஷினோயா. 1899-ல் நிஹோன்பாஷி மீன் சந்தையில் தொடங்கியது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு சந்தையோடு சேர்ந்து த்சுகிஜிக்கு இடம் மாறியது. விடியற்காலையில் மீன் ஏலம் எடுக்கும் ஆட்களுக்கு நேரம் கிடையாது; நாக்கு மட்டும் உண்டு. ருசி, வேகம், மலிவு என்ற மூன்றையும் இந்தக் கடை தன் வாசகமாக வைத்திருக்கிறது. காலத்துக்குக் காலம் அந்த மூன்றின் வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

மலிவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இக்கடையே பட்டுத் தெரிந்துகொண்டது. எழுபதுகளில் கிளைகளை வேகமாகத் திறந்தார்கள். இறைச்சி போதாமல் உறைய வைத்து உலர்த்தியதைப் போட்டார்கள், சாற்றுக்குப் பொடியைக் கரைத்தார்கள். கூட்டம் குறைந்து 1980-ல் நிறுவனம் நொடித்து, நீதிமன்றத்தின் மறுசீரமைப்புக்குப் போனது. பிழைத்து வந்து, 2001-ல் ஒரு கிண்ணத்தை 400 யென்னிலிருந்து 280-க்கு இறக்கினார்கள். 2003 டிசம்பரில் பைத்திய மாட்டு நோயால் அமெரிக்க இறைச்சி இறக்குமதி நின்றது. வேறு நாட்டு இறைச்சியில் அதே ருசி வராது என்று 2004 பிப்ரவரியில் க்யூதோன் விற்பதையே நிறுத்திவிட்டு, பன்றி இறைச்சிக் கிண்ணத்தை வைத்து ஓட்டினார்கள். 2006 செப்டம்பரில் மறுபடி ஒரு நாள் மட்டும் என்று விற்றபோது கடைவாசல்களில் வரிசை நின்றது. இன்று சாதாரண அளவுக் கிண்ணம் 500 யென்னை ஒட்டி இருக்கிறது.

விலை எப்படிக் கட்டுபடியாகிறது என்று கேட்டால், வாசலில் நிற்கும் சீட்டு இயந்திரத்தைக் காட்டுவேன். காசைப் போட்டு, பொத்தானை அமுக்கி, வரும் சீட்டை உள்ளே நீட்ட வேண்டும். பணம் வாங்க ஆள் வேண்டாம். சமைக்கிறவர் கை காசைத் தொடாது. ஒன்றிரண்டு பேர் ஒரு கடையையே நடத்திவிடுவார்கள். தண்ணீரோ தேநீரோ இலவசம். டிப்ஸ் என்ற பேச்சே இல்லை. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவது சாப்பிடுகிறவர் கடமை. மேஜை போட்டு உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் ஸாய்ஸெரியா என்ற இத்தாலியக் கடைகள் உண்டு. சிபா வட்டாரத்து இச்சிகாவாவில் இதை நிறுவியவர் இயற்பியல் படித்தவர். மார்கரீட்டா பிட்ஸா 400 யென். கல்லூரிப் பிள்ளைகள் சாயங்காலம் முழுக்க அங்கேயே கிடப்பார்கள்.

ரயில் நிலையத்து நின்று தின்னும் சோபாக் கடைதான் எனக்குப் பிடித்தது. சோபா என்பது பக்வீட் மாவில் செய்த நூல்போன்ற உணவு. கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுத்து, கிண்ணத்தில் போட்டு, சூடான கறுத்த சாற்றை ஊற்றி, வெங்காயத்தாள் தூவித் தருவார்கள். ஒன்றும் சேர்க்காத கிண்ணம் 400 யென்னை ஒட்டி வரும். பொரித்த தோஃபு போட்டால் கொஞ்சம் கூட. உறிஞ்சும் சத்தம் மரியாதைக் குறைவு இல்லை. ஜனவரிக் குளிரில் நடைமேடையோரம் அதைக் குடிக்கும்போது மிளகு ரசம் நினைவு வரும்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். அப்போது என்னோடு அறையில் இருந்த பையன் கும்பகோணத்துக்காரன், முட்டைகூடத் தொடாதவன். வந்த புதிதில் தயிரும் ரொட்டியுமாக இளைத்துக் கொண்டிருந்தான். சோபாக் கடைக்குக் கூட்டிப்போய், "இதுல கறி மீன் ஒண்ணும் கிடையாது, தைரியமா சாப்பிடு" என்றேன். கண்ணுக்குத் தெரிந்தது மாவும் தோஃபுவும் வெங்காயத்தாளும்தானே! மூன்று மாதம், வாரத்தில் நான்கு நாள் சாப்பிட்டான். பிறகு அலுவலகத்து ஜப்பானியர் ஒருவர் பேச்சுவாக்கில் சாறு எதில் வைப்பது என்று சொன்னார்.

அதன் பெயர் தாஷி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்தி, சீவிய சீவல்தான் கத்சுவோபுஷி. அதைச் சில நிமிடம் வெந்நீரில் போட்டு வடிகட்டிவிடுவார்கள். மீன் இருந்த தடயமே தெரியாது. ஈழத்து வாசகர்களுக்கு மாசிக் கருவாடு என்றால் புரிந்துவிடும், இரண்டும் ஒரே மீனிலிருந்து வரும் நெருங்கிய சொந்தம். சோபாச் சாறு, மிஸோ சூப், கீரைப் பச்சடி என்று காய்கறிபோலத் தோன்றும் பலவற்றிலும் இது இருக்கும். சைவர்கள் கடையில் "மீன் துண்டு இருக்கிறதா" என்று கேட்டுப் பயனில்லை. தாஷி எதில் வைத்தது என்று கேட்க வேண்டும்.

ராத்திரி அவனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்வானேன். அவன் கோபப்படவில்லை. "உங்களுக்குத் தெரியாதுல்லண்ணா" என்றான். ஆனால் ஒரு வாரம் என்னோடு சாப்பிட வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மின் அரிசிக் குக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அந்தக் குக்கரும் இந்த ஊர்ச் சரக்குதான். முதல் தானியங்கிக் குக்கரைத் தோஷிபா 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் சிறுபட்டறை முதலாளி மினாமி யோஷிததா. ராப்பகலாகச் சோறு வடித்து வடித்துச் சூடும் நேரமும் குறித்துத் தந்தவர் அவர் மனைவி ஃபூமிகோ. வெளிப்பாத்திரம், உள்பாத்திரம் என்று இரண்டு. வெளியே ஊற்றும் தண்ணீர் இருக்கிறவரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. சுமார் இருபது நிமிடத்தில் அது வற்றியதும் வெப்பம் எகிறும். ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். நேரத்தை அளக்கத் தண்ணீரையே பயன்படுத்திய இந்த யோசனையை, நான் எழுதிய எந்த நிரலையும்விட உயர்வாக மதிக்கிறேன்.

ஜப்பானிய அரிசி குட்டை, ஒட்டும். சாம்பார் பிசைய லாயக்கில்லை, பிரியாணிக்குக் கேட்கவே வேண்டாம். (அவர்களுக்கோ நம் நீள அரிசி ஆகாது. 1993-ல் கோடை குளிர்ந்து விளைச்சல் பொய்த்தபோது தாய்லாந்து அரிசி வந்திறங்கியது. வாங்க ஆளில்லாமல் உள்நாட்டு அரிசியோடு கலந்து விற்றார்கள்.) ஆனால் வெண்பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் இதைவிட நல்ல அரிசி நான் கண்டதில்லை. குக்கரில் ஒகாயு, அதாவது கஞ்சி என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒரு கோப்பை அரிசி, அரைக் கோப்பை வறுத்த பாசிப்பருப்பு, ஏழு கோப்பை தண்ணீர், உப்பு. பொத்தானை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போகலாம். உப்பில்லாத வெண்ணெயைச் சின்னச் சட்டியில் உருக்கினால் நெய். மிளகு, சீரகம், இஞ்சி தாளித்துக் கொட்டினால் முடிந்தது. பருப்பும் மசாலாவும் ஷின் ஓகுபோவில் ஹலால் கடைகள் வரிசையாக உள்ள சந்தில் மலிவு.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். குக்கரோடு வரும் கோப்பை ஒரு 'கோ', 180 மில்லி, அரிசியில் ஏறத்தாழ 150 கிராம். ஐந்து கிலோ பை 2,000 யென்னாக இருந்த காலத்தில் இது 60 யென். 2024 கோடையில் தட்டுப்பாடு வந்து, 2025 வசந்தத்தில் பை 4,000 யென்னைத் தாண்டியது. ஒரு கோப்பை 120 யென். அந்தச் சமயத்தில், ஆதரவாளர்கள் கொடுப்பதால் தான் அரிசி வாங்கியதே இல்லை என்று பேசிய வேளாண் அமைச்சர் எதோ தாகு, 2025 மே மாதம் பதவியை விட வேண்டியதாயிற்று. அரசு தன் இருப்பை எடுத்துக் கடைகளுக்குக் கொடுத்தது. அப்படியும், வெளியே ஒரு கிண்ணத்துக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டில் இரண்டு பேர் வயிறார உண்ணலாம்.

காய்க்கு மொயாஷி, அதாவது முளைகட்டிய பயறு. ஒரு பொட்டலம் 30, 40 யென். பெரும்பாலும் பாசிப்பயறு, சில இடங்களில் உளுந்தை முளைகட்டியும் விற்கிறார்கள். கடுகு, மிளகாய் தாளித்து இரண்டு நிமிடம் வதக்கினால் பொரியல். தோஃபுவில் 'மொமேன்' என்ற கெட்டி வகையை உதிர்த்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சளோடு கிளறினால் முட்டைப் பொடிமாஸ்தான். கண்ணை மூடித் தின்றால் வித்தியாசம் தெரியாது. கடைகளில் கிடைக்கும் ஜப்பானியக் கறிக் கட்டி சுலபமென்று சைவர்கள் வாங்கிவிட வேண்டாம். பலவற்றில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் உண்டு. எனக்கு அந்தத் தடையில்லை. தண்ணீரில் வேகவைத்து டப்பாவில் அடைத்த ஸாபா மீனைப் புளிக்குழம்பில் போட்டு இறக்குவேன். கானாங்கெளுத்திக் குழம்பு ஏறக்குறைய வந்துவிடும். சமைக்க அலுப்பாக இருந்தால் கடை அடைக்கும் நேரத்தில் ஸூப்பர் மார்க்கெட் போவேன். சாப்பாட்டுப் பெட்டிகளின்மேல் முதலில் இருபது சதவீதம், பிறகு பாதி விலை என்று ஊழியர் சீட்டு ஒட்டிக்கொண்டே வருவார். எட்ட நின்று காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆறாம் மாதம் என் உணவுச் செலவு 30,000 யென்னுக்கு வந்தது. கடனும் பிறகு அடைந்தது. பையன் வேலை மாறி ஓசாகா போய்விட்டான். போன குளிர்காலத்தில் அவன் வீட்டுக்குப் போனபோது ஒரு கிண்ணத்தை என்முன் வைத்தான். சோபா! "மீன் கிடையாதுண்ணா, நானே வச்ச சாறு" என்றான், கொஞ்சம் சிரித்தபடி. கோம்பு என்கிற கடற்பாசியும் உலர்ந்த ஷீதாகே காளானும் போட்டது. 1908-ல் இகேதா கிகுனாயே என்ற வேதியியலாளர் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தது இந்தக் கோம்புவிலிருந்துதான். நம் ஊரில் அஜினோமோட்டோ என்று தெரிந்த சரக்கு அதன் வழி வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கோம்புத் துண்டு, மூன்று காளான். ராத்திரியே ஊறப்போட்டுவிட வேண்டும். காலையில் சிறுதீயில் வைத்து, கொதி வருவதற்கு முன்பே கோம்புவை எடுத்துவிட வேண்டும். விட்டால் சாறு வழவழத்துப் போகும்.