ஜகாத்தும் தொழில் முதலும்

இசுலாமியரின் கட்டாயக் கொடையாகிய ஜகாத், ஓராண்டு எஞ்சிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்காகும். அது ஏழையின் அன்றாடத் தேவைக்கு மட்டுமோ, தொழில் முதலுக்கும் உரியதோ என்னும் வினா பழமையானது. 1277இல் மறைந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் இமாம் நவவி, கைவினைஞருக்குக் கருவிகளின் விலையும் வணிகருக்கு முதலும் வழங்கலாம் என்றார். தமிழகக் கடற்கரை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் இம்மரபினர்.

பெங்களூரு முஸ்லிம்களுள் பெரும்பாலோர் தழுவும் ஹனஃபி மரபோ, ஒருவருக்கே 200 திர்ஹமோ அதற்கு மேலோ அளிப்பதை விரும்பவில்லை. எனினும் கடனாளிக்கும் குடும்பச் சுமையுடையோர்க்கும் இவ்வரம்பைத் தளர்த்தியது. ஆகவே குடும்பம் தாங்கும் சிவாஜிநகர்த் தள்ளுவண்டி வணிகர்க்கும் இதில் வழியுண்டு.

இரு மரபுகளிலும் ஜகாத், பெறும் ஏழைக்கே உடைமையாதல் வேண்டும். எனவே, திருப்பிப் பெறும் கடனாக அதனை வழங்குதல் அவற்றோடு பொருந்தாது. வட்டியில்லாக் கடனுக்குத் தனி நிதியே தக்கது. ஜகாத்தைத் தொழில் முதலாக்குவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.