கையொப்பமிட மட்டும் ஒரு கூட்டமா?

கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகருக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். கடந்த தவணையில் ஒரு கூட்டத்துக்காகக் காலையிலேயே பஸ் ஏறிப் போனேன். வரவுப் பதிவில் கையொப்பமிட்டோம். ஒரு சுற்றுநிருபத்தை வாசித்தார்கள். தேநீர் தந்தார்கள். அந்தச் சுற்றுநிருபம் முதல் நாள் இரவே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருந்தது. அன்று தரம் 10 மாணவர்களுக்கு எனது இரண்டு பாடவேளைகளும் நடக்கவில்லை.

இணையவழியில் வேலை செய்ய நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2020 மார்ச் 13 இல் பாடசாலைகள் மூடப்பட்டபின் வாட்ஸ்அப்பிலும் ஸூமிலும்தான் பாடம் நடத்தினோம். 2022 இல் எரிபொருள் இல்லாதபோது அரச ஊழியர்கள் வீட்டிலிருந்து பணியாற்றினார்கள். அவ்வாண்டு ஜூலை 25 இல் பாடசாலைகள் மீளத் திறந்தபோதும் வாரத்தில் 3 நாட்களே வகுப்புகள் நடந்தன. பெற்றோல் வந்தது, பழைய வழக்கமும் திரும்பி வந்துவிட்டது.

கூட்டங்களே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. மஷூறா வேறு, அறிவித்தல் வேறு. கருத்து வேறுபாடு உள்ள விடயம், ஒரு மாணவரின் அல்லது ஆசிரியரின் தனிப்பட்ட பிரச்சினை, புதிய கற்பித்தல் முறைக்கான பயிற்சி ஆகியவற்றுக்கு முகம் பார்த்துப் பேசத்தான் வேண்டும். மற்றவற்றுக்கு வழி இருக்கிறது:

• சுற்றுநிருபம், கால அட்டவணை: நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய வாட்ஸ்அப் குழு.
• திகதி, இடம் தெரிவுசெய்தல்: வாட்ஸ்அப் வாக்கெடுப்பு.
• புள்ளிவிபரம் திரட்டல்: கூகுள் படிவம்.
• சிறு விளக்கம்: ஸூம். இலவசக் கணக்கு தருவது 40 நிமிடம். அதற்குள் முடியாத விளக்கம் அரிது.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. கூட்டம் குறைந்து, இரவு 10 மணிக்கும் செய்தி வந்துகொண்டிருந்தால் பயனில்லை. வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் சுமக்கும் ஆசிரியைகளுக்கே அந்தப் பாரம் அதிகம். பிரான்ஸில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை, மாலை 6 மணிக்குப் பின் அவசரமற்ற செய்தி அனுப்புவதில்லை என்று ஒவ்வொரு குழுவும் முடிவெடுக்கலாம். டேட்டா செலவையும் சிக்னல் இல்லாத கரையோரக் கிராமங்களையும் நினைத்து, முக்கியமானதைச் சுருக்கமாக எழுத்திலும் அனுப்ப வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என நம்மவர்கள் கூட்டும் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். அழைப்பதற்கு முன் ஒரு கேள்வி போதும்: வருபவர்களிடம் எதையாவது கேட்கப் போகிறோமா, அல்லது சொல்லத்தான் போகிறோமா? சொல்ல மட்டுமே என்றால் எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் வகுப்பில் இருக்கட்டும்.