கடல்நீர் போகும் வழி

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, பொழுது சாயும் நேரம், முல்லைத்தீவுக் கடலில் ஒரு குடம் உப்புநீர் அள்ளப்படுகிறது. குடத்தில் ஏறியதும் அது தீர்த்தம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு இந்த நீரில்தான் விளக்கு எரிய வேண்டும் என்பது வன்னியின் மரபு.

முதல் திங்கள் பாக்குத்தெண்டல் என்னும் பாக்குச் சேர்க்கும் சடங்கு, அடுத்த திங்கள் தீர்த்தமெடுத்தல், அதற்கடுத்த திங்கள் பொங்கல். தீர்த்தம் எடுக்கப் போகிறவர்கள் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் இருந்து புறப்பட்டுப் போய், இருட்டிய பிறகு குடத்தோடு அங்கேயே திரும்பி வருவார்கள்.

அந்தத் திரும்பும் வழியைப் பார்க்க வேண்டும். பின்னேரமே வீட்டுக்கு வீடு முற்றம் கூட்டி, வாசலில் தண்ணீர் தெளித்து, படலையடியில் ஒரு சிறு மேசை வைத்துவிடுவார்கள். மேசையில் வெள்ளைத்துணி, நிறைகுடம், மாவிலை, தேங்காய், இரண்டு குத்துவிளக்கு. பறைமேளச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே பிள்ளைகள் வீதிக்கு ஓடிவருவார்கள். குடம் கடந்துபோக எடுக்கும் நேரம் ஒரு நிமிடம்கூட இராது. அதற்காகத்தான் அந்த வீட்டில் அன்று முழுக்க வேலை நடந்திருக்கும்.

ஏன் கடல்நீர்? ஊரில் சொல்லும் கதை இது. மதுரையை எரித்துவிட்டுத் தெற்கே வந்த கண்ணகி, ஈழத்தில் ஒவ்வோர் இடமாகத் தங்கி, கடைசியாக நந்திக்கடல் களப்பின் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்தாள். பசிக்கிறது என்றாள். பிள்ளைகள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றிக் கொளுத்துங்கள் என்றாள் ஆச்சி. எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்த பிள்ளைகளுக்குத் தலையெல்லாம் ஆயிரம் கண் தெரிந்தது. வைகாசித் திங்களில் திரும்ப வருவேன் என்று சொல்லி மறைந்தாள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் முதற்கேள்வி, உண்மையாகவே எரிகிறதா என்பதுதான். தண்ணீர் எரியாது, உப்பும் எரியாது. குடம் சுமக்கிறவருக்கும் இது தெரியும். அந்த விளக்கு மட்டும் அம்மாளாச்சியின் சொல்லுக்கு எரிகிறது என்பது அவருடைய நம்பிக்கை. கேள்வியும் புதிதல்ல. குதிரையில் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் உங்கள் அம்மன் இந்தப் பனிச்சை மரத்தை ஆட்டுவாளா என்று ஏளனம் செய்ய, பனிச்சங்காய்கள் அவன்மேலேயே சொரிந்தன என்று இன்னொரு கதையும் உண்டு.

கண்ணகி தெய்வமா என்ற கேள்வி நம்மவர்களிடமிருந்தே வந்தது. அவள் சமண வணிகக் குலத்துப் பெண், சைவர் அவளை வணங்கலாகாது என்று ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் அதன்பின் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வன்னி மாற்றவில்லை. வன்னியின் பிடிவாதத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். தெற்கே சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

உலகத்தில் வேறுவிதமான கோயில்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில் மோர்மன் சபையார் 1853 முதல் 1893 வரை நாற்பது ஆண்டுகள் ஒரு கோயில் கட்டினார்கள். அவர்களுடைய கோயில்கள் பிரதிட்டை செய்யப்பட்ட பிறகு, சபையின் அனுமதிச்சீட்டுப் பெற்ற உறுப்பினர் மட்டுமே உள்ளே போகலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதே அவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி. அவர்களுக்கு அது புனிதம் காக்கும் முறை, அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. வற்றாப்பளையின் புனிதமோ தார் வீதியில், வேலிகளுக்கு நடுவே, எவர் கண்ணுக்கும் தெரிய நடந்து போகிறது.

அந்த வழி அறுந்தும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இதே கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. 2009 மே மாதம் போர் முடிந்தது நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய முள்ளிவாய்க்கால் மண்ணில். பொங்கலை ஒட்டி வரும் வைகாசிப் பௌர்ணமி அந்த ஆண்டு ஜூன் 7. குடத்துக்கு வாசலில் விளக்கு வைக்க வேண்டிய சனம் வவுனியா செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தது. பிறகு திரும்பி வந்தவர்கள் வீடு எழும்பும் முன்பே, தகரக் கொட்டிலின் முன்னாலும் நிறைகுடம் வைத்தார்கள்.

தீர்த்தம் ஒரு கிழமை காட்டா விநாயகர் கோயிலில் விளக்காக எரியும். ஞாயிறு அங்கே பொங்கல். அது முடிய மடைப்பண்டங்களோடு வற்றாப்பளைக்குப் புறப்பாடு. திங்கள் முழுக்கக் காவடியும் பாற்செம்பும் வந்தபடி இருக்கும். இரவு, வளந்து என்னும் பொங்கற்பானை அடுப்பேறும். அடுத்த திங்கள் புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கல். சனம் புளியங்குளம் பக்கம் வண்டி பிடிக்கும்.