கண்ணுக்குள் போகும் லென்ஸ்: ஒவ்வொரு விதிக்கும் ஒரு வரலாறு உண்டு

பெருநாளும் கல்யாணங்களும் நெருங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சேர், கலர் லென்ஸ் போடலாமா?" கண்ணாடி அணிய வெட்கப்படும் உயர்தர மாணவர்களும் இதையே கேட்கிறார்கள். "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த லென்ஸ் வந்த கதை தெரிந்தால் அதை எப்படிப் போடுவது என்பதும் விளங்கும். அதற்காகவே எழுதுகிறோம்.

1888இல் சூரிச் நகரில் அடோல்ஃப் ஃபிக் என்ற கண் வைத்தியர் மெல்லிய கண்ணாடிக் கிண்ணங்களை முதலில் முயல்களின் கண்ணிலும், பிறகு தன் கண்ணிலும், அதன் பின்பே வேறு சிலரின் கண்ணிலும் பொருத்தினார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்குவது கடினம். கனம் மட்டும் காரணமல்ல. கண்ணின் முன்னுள்ள விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. அது ஒட்சிசனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுக்கிறது. மூடினால் அதற்கு மூச்சு முட்டும். இன்றைய லென்ஸ்கள் ஒட்சிசனை விடுகின்றன என்றாலும், இமையும் மூடினால் அது குறைந்துவிடும். லென்ஸோடு தூங்கக் கூடாது என்பதும், ஆரம்பத்தில் சில மணித்தியாலங்கள் மட்டுமே போட்டுப் பழக வேண்டும் என்பதும் அதனால்தான்.

1948இல் அமெரிக்காவில் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் வந்தது. பெரிய மாற்றம் 1961இல். செக்கோஸ்லோவாக்கிய விஞ்ஞானி ஒட்டோ விக்டர்லே, பிள்ளைகளின் விளையாட்டு உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்து, தண்ணீரை உறிஞ்சும் மென்மையான லென்ஸை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்கா அதை அனுமதித்தது.

மென்மையே அதன் நன்மை, அதுவே ஆபத்தும். பஞ்சுபோல் எதையும் உறிஞ்சும். 1980களில் அமெரிக்காவில் உப்பு வில்லைகளைக் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் திரவம் தயாரித்தவர்கள் பலருக்கு 'அகந்தமீபா' என்ற நுண்ணுயிர் கண்ணைத் தாக்கியது. அது குழாய் நீரிலும் இருக்கக்கூடியது. குளோரினுக்கும் எளிதில் சாகாது. ஆகவே லென்ஸைத் தண்ணீரிலோ எச்சிலிலோ நனைக்க வேண்டாம். வெள்ளவத்தைக் கடலில் இறங்குமுன் கழற்றிவிடுங்கள், குளிக்கும்போதும் அப்படியே.

வுழூவைப் பற்றிக் கேட்கிறார்கள். கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது வுழூவில் கடமையல்ல. ஆகவே லென்ஸைக் கழற்றத் தேவையில்லை. முகம் கழுவும்போது கண்களை மூடிக்கொண்டால் போதும். ஈரக் கையால் மட்டும் லென்ஸைத் தொடாதீர்கள்.

கலர் லென்ஸும் விளையாட்டுப் பொருளல்ல. 2005இல் அமெரிக்கா, பார்வைக் குறைபாடு இல்லாதவர் அழகுக்குப் போடும் லென்ஸையும் மருத்துவச் சாதனம் என்று சட்டமாக்கியது. கண்ணின் வளைவை அளக்காமல் கடையில் வாங்குவதும், மணப்பெண்ணின் லென்ஸை மச்சி போட்டுப் பார்ப்பதும் கூடவே கூடாது.

புதிதாகப் போடுவோர் இவற்றையும் மறக்க வேண்டாம்:

- சவர்க்காரத்தால் கை கழுவி, நன்றாகத் துடைத்த பின்பே தொடுங்கள்.
- பழைய திரவத்தை ஊற்றிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவை மாற்றுங்கள்.
- லென்ஸைப் போட்ட பின் மேக்கப். கண்ணுக்குள் சுர்மா வேண்டாம்.
- பழைய கண்ணாடியை எறிந்துவிடாதீர்கள். கண்ணுக்கு ஓய்வு தேவைப்படும் நாளில் அதுதான் துணை.
- கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால் உடனே கழற்றிவிட்டு, அன்றே கண் வைத்தியரிடமோ லிப்டன் சுற்றுவட்டத்திலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கோ போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கொண்டு செல்லுங்கள்.

விக்டர்லே லென்ஸ் வார்த்த அதே 1961இல்தான் இலங்கையில் டொக்டர் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தை ஆரம்பித்தார். 1964 முதல் இங்கிருந்து விழிவெண்படலங்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளில் நம் நாட்டவர் கொடுத்த கண்ணால் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மரணித்த பின்பே இன்னொருவருக்குக் கிடைக்கும் பொருள் அது. அல்லாஹ் நமக்குப் பிறவியிலேயே தந்த அதை ஒரு கல்யாண இரவின் ஃபோட்டோவுக்காகப் பாழாக்க வேண்டாம் என்பதே பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது. உம்மா, வாப்பாமார் இதை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.